வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம்

2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு அமிர்தசரஸிலிருந்து கிளம்பி மும்பையில் வந்து இறங்கிய விமானத்தோடு ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. 1993 மே மாதம் பறக்கத் தொடங்கிய நிறுவனம். 400 கோடி ரூபாய் அவசரக் கடன் கேட்டது. வங்கிகள் தர மறுத்தன. அன்றைக்கே முடிவு வந்துவிட்டது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வேலை இழந்தார்கள். விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் ஜனவரியிலிருந்தே சம்பளம் வரவில்லை. அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 1 முதல் சம்பளமில்லாமல் பறப்பதில்லை என்று அவர்கள் சங்கம் சொன்னது. பிறகு 15-ஆம் தேதி என்றது. அதையும் தள்ளிவைத்தது. கடைசியில் வேலைநிறுத்தமே நடக்கவில்லை, நிறுவனம்தான் நின்றது.

ஏன் ஓட்டினார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. நிறுவனத்தின்மேல் இருந்த பிரியம் என்றார்கள் சிலர். யாராவது ஒரு பெரிய முதலாளி வந்து வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை என்றார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. மறுப்பதற்கு வேண்டிய பலம் ஒரு நாளில் வந்துவிடாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தவர்களால், நான்கு மாதம் பட்டினி போட்டவனிடம்கூட மறுத்துப் பேச முடியாது.

சட்டப்படி பார்த்தால், விமானியைப்போல மறுக்கும் அதிகாரம் படைத்த தொழிலாளி அரிது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமான உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு, விமானத்தை என்ன செய்வது என்பதில் இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கே என்கிறது. நம் நாட்டு விதிகளும் அந்த வழியில்தான் இருக்கின்றன. உள்ளே அமைச்சர் உட்கார்ந்திருக்கலாம், நிறுவனத்தின் முதலாளியே உட்கார்ந்திருக்கலாம். வானிலை சரியில்லை, எரிபொருள் போதாது, எனக்கு உடம்பு முடியவில்லை, நான் கிளப்பமாட்டேன் என்று விமானி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. முன்னூறு பேர் உயிரை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அவர் கையில் இந்த அதிகாரத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் விமானி கையெழுத்துப் போடும் இன்னொரு தாள் உண்டு. வேலை ஒப்பந்தம். அது அவர் விமானத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

வணிக விமானி உரிமம் பெற இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளுக்கான பணம் குடும்பத்தின் பணம். உரிமம் கிடைத்தபின், எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறாரோ அதற்குத் தனிப் பயிற்சி. அதையும் சொந்தச் செலவில் முடித்துவிட்டு வா என்று சொல்லும் நிறுவனங்கள் அதிகம். எல்லாம் சேர்ந்தால் அரைக் கோடியைத் தாண்டிவிடும். மும்பையின் செம்பூரில் வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. சம்பளம் பெரிதுதான், மறுக்கவில்லை. மூத்த தலைமை விமானி ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாராவியில் தோல் தைப்பவர் சேர்க்கப் பல வருடங்கள் ஆகும். ஆனால் புதிதாகச் சேரும் துணை விமானியின் சம்பளத்தில் பெரும்பகுதி கடனுக்குப் போகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் கடன் மட்டும் வளராது, கைத்தொழிலும் காகிதத்தில் செல்லாமல் போகும். 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். குறித்த காலத்தில் சிமுலேட்டர் சோதனை, மருத்துவச் சோதனை எல்லாம் முடித்திருக்க வேண்டும். நின்றுபோன விமானியை மறுபடி பறக்க வைக்கச் செலவாகும், அந்தச் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

விலகிப் போவதாவது முடியுமா? 2017 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு விதி கொண்டுவந்தது. தலைமை விமானி வேலையை விட வேண்டுமானால் ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும், துணை விமானி ஆறு மாதம் முன்பு. திடீரென்று போனால் விமானங்கள் ரத்தாகும், பயணிகள் அவதிப்படுவார்கள் என்பது காரணம். 2023-இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆகாசா ஏர், 43 விமானிகள் அப்படிச் சொல்லாமல் போனதையடுத்துப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயணியின் அவதி உண்மையான காரணம்தான். ஆனால் நிறுவனம் நிற்கும்போதும் பயணி அவதிப்படத்தான் செய்கிறார். ஜெட் நின்ற இரவு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களுக்கும், அதை ஓட்டியவர்களுக்கும் எத்தனை மாத அவகாசம் கிடைத்தது? தொழிலாளி போக ஒரு வருடம். முதலாளி போக ஒரு மாலைப்பொழுது. இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒப்பந்தத்தை நாம் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் வருத்தம்.

மும்பைத் தமிழர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. மாட்டுங்காவில் ஒரு தலைமுறை முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டு வளர்ந்தது: “வேலை கன்ஃபர்ம் ஆயிடுத்தா?” தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல்தான் கல்யாணம், வாடகை வீடு, ஊருக்கு மணியார்டர் எல்லாமே. ரயில்தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாராவியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்புகளுக்கும் மாநகராட்சி வேலைக்கும் வந்த குடும்பங்களில் கேள்வி இன்னும் நேராக வந்தது: “பெர்மனன்டா, காண்டிராக்டா?” காண்டிராக்ட் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே குப்பை வண்டியில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கையுறை, விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மற்றவர் மூச்சுத் திணறினாலும் நாளைக்கு வர வேண்டும், வராவிட்டால் முகாதம் என்கிற மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். மும்பை மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் 2,700 பேரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2017-இல்தான். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு.

குப்பை அள்ளுபவரின் துன்பமும் விமானியின் துன்பமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சொன்னால் அது பொய். இருவரும் போட்ட கையெழுத்து செய்த காரியம் ஒன்று. இந்த வேலையை இப்படிச் செய்தால் ஆபத்து என்று தெரிந்தவரின் வாயை அது அடைத்துவிட்டது. மாட்டுங்கா தன் பிள்ளைகளை ஆகாயம்வரை ஏற்றி அனுப்பியது. அங்கே போயும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட கேள்வியையே கேட்க வேண்டிவந்தது.

இந்தத் தொழிலில் மறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்று பாருங்கள். 2009-இல் ஜெட் விமானிகள் சங்கம் அமைத்தார்கள்; முன்னின்ற இருவரை நிறுவனம் நீக்கியது; செப்டம்பரில் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நாளில் நோய் விடுப்பு எடுத்தார்கள். ஐந்து நாளில் சமரசம். 2012 மே மாதம் ஏர் இந்தியாவில், புது போயிங் 787-க்கான பயிற்சி யாருக்கு என்ற தகராறு. அப்போதும் நோய் விடுப்பில்தான் தொடங்கியது. 58 நாள் நீடித்தது. சுமார் நூறு பேரின் வேலை போயிற்று. மும்பையை மையமாகக் கொண்ட பழைய விமானிகள் சங்கத்தின் அங்கீகாரமும் போயிற்று. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பணிப்பெண்களும் பணியாளர்களும் செய்ததும் அதே. நீதிமன்றம் தடை போடும், நிர்வாகம் நீக்கும், பத்திரிகைகள் பயணிகளின் கோபத்தைப் படம் பிடிக்கும். எனவே, முடியாது என்று வாய் சொல்ல வேண்டியதை உடம்பின்மேல் போட்டுச் சொல்கிறார்கள். நலமாக இருக்கும்போது நோய் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிற இதே தொழிலில்தான், உண்மையிலேயே கண் சொருகும் இரவில் களைப்பு என்று எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். களைத்தேன் என்பவர் பெயர் அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது யார் நினைவிலாவது இருக்கும் என்ற பயம்.

ஆப்பிரிக்காவில் ஒப்பந்த விமானிகளாகப் பறப்பவர்களின் நிலையைப் படிக்கும்போது, இங்கே உறைபோட்டு வைத்திருப்பதை அங்கே உறையில்லாமல் பார்க்கிறோம். ஐரோப்பாவிலிருந்தும் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்தும் போனவர்கள்; இங்கே 200 மணியோடு வேலை கிடைக்காமல், சிறு விமானத்தில் மணி சேர்க்கலாம் என்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன இந்திய இளைஞர்களும் உண்டு. சம்பளம் டாலரில் என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். வாரக்கணக்கில் வேலை, பிறகு வாரக்கணக்கில் விடுமுறை என்று கணக்கு. சம்பளம் தள்ளிப்போகும். வேலை அனுமதிச் சீட்டு முதலாளி கையில். வழக்குப் போட எந்த நாட்டு நீதிமன்றம் என்றே தெரியாது, ஏனென்றால் நிறுவனம் ஒரு நாட்டில், விமானத்தின் பதிவு இன்னொரு நாட்டில், ஆளை அனுப்பிய ஏஜென்சி மூன்றாவது நாட்டில். மண் ஓடுபாதையில் நிற்கும் விமானத்தில் எடைக்கு மேல் மூட்டை ஏறிக்கொண்டே இருக்கும். இதை நான் எடுக்க மாட்டேன் என்று அந்த இடத்தில் தனியாக நின்று சொல்ல வேண்டும்.

2003 டிசம்பர் 25 அன்று பெனின் நாட்டின் கோட்டோனூவில் ஒரு போயிங் 727 மேலெழும்ப முடியாமல் ஓடுபாதை முனையிலிருந்த கட்டடத்தில் மோதிக் கடலோரத்தில் விழுந்தது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பண்டிகைக்கு ஊர் திரும்பிய லெபனான் குடும்பங்கள் பல. நிறுவனம் கினி நாட்டுடையது, ஓட்டியவர்கள் லிபியர்கள். விசாரணை சொன்ன காரணம் நேரானது: எடை அதிகம், அதுவும் சரியாகப் பரப்பி ஏற்றப்படவில்லை, எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற சரியான கணக்கு ஓட்டுபவர்களிடம் இல்லை. இறுதி அதிகாரம் அங்கேயும் தலைமை விமானியிடம்தான் இருந்தது.

ஆப்பிரிக்காதானே, நம் நாட்டில் ஒழுங்குமுறை இருக்கிறதே என்று நினைப்பவர்கள் மங்களூர் விமான விபத்தின் விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டும். 2000-களில் இங்கே விமான நிறுவனங்கள் பெருகியபோது தலைமை விமானிகள் போதவில்லை. ஒப்பந்தத்தில் வெளிநாட்டினர் வந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்பிய நாடே அப்போது ஆள் எடுத்தது. 2010 மே 22 விடிகாலை துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை ஓட்டியவர் செர்பியர். வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தம் பதிவுக் கருவியில் இருக்கிறது. விழித்தபின் தெளியாத நிலையில், உயரம் அதிகமாக இருந்தும் இறக்கினார். பக்கத்தில் இருந்த துணை விமானி, இறக்க வேண்டாம், மேலே எழுப்புங்கள் என்று மூன்று முறை சொன்னார். கருவியும் எச்சரித்தது. 158 பேர் இறந்தார்கள். ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணை மன்றம் குற்றத்தைத் தலைமை விமானியின்மேல் வைத்தது, சரிதான். அதோடு இன்னொன்றும் சொன்னது: இறக்கத்தைக் கைவிடத் துணை விமானிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் எழுத்து வழிமுறைகள் தெளிவில்லாமல் இருந்தன, ஒருவேளை அதனால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்ற குரல் அந்த அறைக்குள் மூன்று முறை கேட்டிருக்கிறது. அதைச் செயலாக்கும் உரிமை தனக்கு உண்டா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

பத்து வருடம் கழித்து 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா காலத்தில் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த விமானம், அதே நிறுவனம், அதேபோல மலைமேல் அமைந்த ஓடுபாதை. மழை, பின்காற்று. ஒருமுறை இறக்க முயன்று கைவிட்டார்கள், இரண்டாம் முறை ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். தலைமை விமானி மும்பையில் வசித்தவர், விமானப் படையில் பணியாற்றியவர், அனுபவத்தில் குறையே சொல்ல முடியாதவர். விமான விபத்துப் புலனாய்வு அறிக்கை அவர் வழிமுறையை மீறியதைக் காரணமாகச் சொல்கிறது. கூடவே, படிப்பவரைத் தூங்கவிடாத ஒரு விவரத்தையும் சொல்கிறது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்துக்கும் அவர்தான் ஓட்டுநர். வேறு ஊருக்குத் திருப்பியிருந்தால் காலை விமானத்துக்கு ஆள் இல்லை. கோழிக்கோட்டு மையத்தில் அப்போது துணை விமானிகள் 26 பேர், தலைமை விமானி ஒரே ஒருவர். அதே 2020 ஏப்ரலில்தான் ஏர் இந்தியா, ஓய்வுக்குப் பின் ஒப்பந்தத்தில் வைத்திருந்த சுமார் 200 விமானிகளின் ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. இவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு நேர்க் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆள் கணக்கை யார் போடுகிறார்கள், அதன் விளைவை யார் இருட்டில் மழையில் சுமக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். திருப்பிக்கொண்டு போகலாம் என்ற முடிவு அந்த இரவில் அவர் கையில் இருந்தது. அதன் கனத்தைக் கூட்டியவர்கள் வேறு எங்கோ அலுவலகத்தில் இருந்தார்கள்.

தூக்கத்துக்கும் சட்டம் உண்டு, எழுதப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும் வேகம்தான் வேறு கதை. 2007 ஜூலையில் விமானிகளின் பணிநேரத்தைக் குறைத்து ஒரு விதி வந்தது. 2008 மே மாதம் நிறுவனங்களின் நெருக்கடியில் அது நிறுத்திவைக்கப்பட்டு, 1992-இன் பழைய விதி திரும்ப வந்தது. விமானிகள் சங்கங்கள் பம்பாய் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றன. 2011-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றன. 2024 ஜனவரியில் மறுபடி ஒரு விதி: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48, இரவு என்பது காலை ஆறு மணிவரை, இரவில் இறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டு. ஜூன் மாதம் வர வேண்டியது. நிறுவனங்கள் முடியாது என்றதும் தள்ளிப்போனது; 2025 ஜூலையில் பாதி, நவம்பரில் மீதி. டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ தன் அட்டவணைக்கு ஆள் போதாமல் திணறியது; ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து; மும்பை சாந்தாகுரூஸ் முனையத்தில் குழந்தைகளோடு தரையில் படுத்துக் கிடந்தார்கள். உடனே என்ன நடந்தது? விமானியின் இரவுத் தூக்கம் தொடர்பான விதிகளில் அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. இரண்டு வருடம் அவகாசம் இருந்தும் ஆள் எடுக்காதது நிறுவனம். அதற்கான ஈடு, விமானியின் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

விமானியும் தொழிலாளிதான் என்று 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. நிறுவனம் திவாலானால் பணம் பிரிக்கும் சட்டத்தில், தொழிலாளியின் 24 மாதப் பாக்கி வங்கிக் கடனுக்குச் சமமான இடத்தில் நிற்கிறது. தொழிலாளி அல்லாத ஊழியருக்கு 12 மாதப் பாக்கிதான், அதுவும் வரிசையில் பின்னால். கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் நின்றபோது பல மாதச் சம்பளம் பாக்கி. விலே பார்லேயில் இருந்த அதன் கட்டடத்தை வங்கிகள் திரும்பத் திரும்ப ஏலம் விட்டு, ஒன்பது வருடம் கழித்து சுமார் 52 கோடிக்கு விற்றன. ஜெட் விஷயத்தில் மீட்புத் திட்டம் ஒன்று 2021-இல் ஏற்கப்பட்டு, இழுத்து, 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்கச் சொன்னது. ஐந்தரை வருடம். அந்தக் காலத்தில் வேலை செய்யும் வயதைத் தாண்டிப் போன விமானிகள் இருக்கிறார்கள்.

வானத்தை விட்டுக் கடலைப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. மும்பை கப்பல் தொழிலாளர்களின் ஊரும்தான்; தூத்துக்குடியிலிருந்து வந்தவர்களும் இங்கே ஏஜென்சிகளின் படியேறித்தான் ஒப்பந்தம் வாங்குகிறார்கள். அவர்களும் கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு என்று அலைக்கழிக்கப்பட்டவர்களே. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2006-இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உருவானது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. 2017 ஜனவரி முதல், கப்பல் முதலாளி ஆட்களைக் கைவிட்டால் அவர்கள் ஊர் திரும்பும் செலவுக்கும் நான்கு மாதச் சம்பளத்துக்கும் முன்கூட்டியே நிதிப் பாதுகாப்பு வைத்திருந்தாக வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். அந்தச் சான்றிதழ் கப்பலில் தொங்க வேண்டும். அது இல்லாத கப்பலைத் துறைமுகம் தடுத்து நிறுத்தலாம்.

எனக்குத் தெரிந்தவரை விமானிக்கு அப்படி ஒரு சான்றிதழ் எந்த நாட்டிலும் கட்டாயமில்லை, காங்கோவின் கோமா நகரில் சரக்கு ஏற்றுபவருக்கும் இல்லை, மும்பையில் பயணிகளை ஏற்றுபவருக்கும் இல்லை. ஒரு விமானம் கிளம்புமுன் அதன் பராமரிப்புச் சான்று, காப்பீடு, உரிமம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஓட்டுபவருக்குச் சம்பளம் போய்ச்சேர்ந்ததா என்பதும் பாதுகாப்பு விஷயமே என்று ஒரு வரி சேர்த்தால் போதும், உரிமத்தோடு அந்த நிதிப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்கலாம். 2019 ஏப்ரலில் ஜெட் விமானிகளுக்கு நின்றிருந்த பாக்கி ஏறத்தாழ அந்த நான்கு மாதச் சம்பளம்தான். அது கைக்கு வந்திருந்தால், ஏப்ரல் 1 அன்று அவர்கள் சொன்னதைச் செய்திருக்க முடியும்.